க்ளிக் வாங்கி விற்ற கதையும் ஓர் இலாப நட்டக் கணக்கும்



போன மாதம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையன் போன் செய்தான். பையன் என்கிறேன், அவனுக்கு நாற்பது வயது. அடுத்தவர் பொருளை இணையத்தில் விற்றுக்கொடுத்து கமிஷன் வாங்கும் 'அஃபிலியேட் மார்க்கெட்டிங்' தொழிலில் இறங்கியிருக்கிறான். மனைவியின் நகையை அடகு வைத்து அந்தப் பணத்தில் விளம்பரம் போட்டிருக்கிறான். "க்ளிக் நிறைய வருது சார், பணம்தான் வரல. எங்க தப்பு பண்ணேன்?" என்றான். உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. இலாப நட்டக் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் நான்தானே! உட்கார்ந்து படித்தேன்.

1996 ஜூலையில் அமெரிக்காவில் அமேசான் ஒரு திட்டம் தொடங்கியது. அப்போது அது புத்தகக் கடை. உங்கள் இணையப் பக்கத்தில் எங்கள் புத்தகத்துக்கு இணைப்புக் கொடுங்கள், அதன் வழியே வந்து வாங்கினால் உங்களுக்குக் கமிஷன் என்றார்கள். தோட்டக்கலை பற்றி எழுதுகிறவர் தோட்டப் புத்தகத்தைப் பரிந்துரைப்பார். வாசகர் தானாக வருவார், தனிச் செலவு கிடையாது. நம் ஊர் மாட்டுத் தரகர் போல, தோளில் துண்டு இருந்தால் போதும்.

1998இல் பில் கிராஸ் என்பவர் 'கோ டூ' என்ற தேடுதளத்தைத் தொடங்கினார். ஒரு சொல்லுக்கு யார் அதிக விலை கேட்கிறாரோ அவர் விளம்பரம் மேலே வரும். ஒரு க்ளிக்குக்கு ஒரு சென்டிலிருந்து ஏலம். ஒவ்வொருவர் கேட்ட விலையையும் பக்கத்திலேயே போட்டுக் காட்டினார்கள்! 2003இல் யாஹூ அதைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்கியது. அதற்குள், 2002லேயே, கூகுளும் க்ளிக் ஏலத்துக்கு வந்துவிட்டது. அங்கே தொடக்க விலை 5 சென்ட்.

இதிலிருந்துதான் ஆட்களின் வருகையையே விலைக்கு வாங்கி, கடைக்கு அனுப்பி, கமிஷன் பார்க்கும் தொழில் பெருகியது. சொந்தமாக ஓர் இணையப் பக்கம்கூட வேண்டியதில்லை. கணக்கைப் பாருங்கள் (எண்கள் நான் வைத்துக்கொண்டவை). 100 க்ளிக்குக்கு 5 டாலர் செலவு. நூறில் இரண்டு பேர் வாங்கி, ஆளுக்கு 4 டாலர் கமிஷன் வந்தால் வரவு 8. இலாபம் 3 டாலர்.

இந்த 3 டாலர் அடுத்தவர் கண்ணில் படாமல் இருக்குமா? அவர் 6 சென்ட் கேட்பார், இன்னொருவர் 7. எட்டு சென்ட் ஆனதும் தரகருக்கு மிச்சம் பூஜ்யம். ஒன்பது சென்ட் கேட்கவும் ஓர் ஆள் உண்டு. அவர் அந்தக் கடைக்காரரேதான். யாருக்கும் கமிஷன் கொடுக்க வேண்டாமே, அவருக்குக் கட்டும். யார் ஜெயித்தாலும் வரவு ஏலம் விடுகிறவருக்கு.

2005 ஜனவரியில் கூகுள், ஒரு தேடலில் ஒரு கடை முகவரிக்கு ஒரே விளம்பரம்தான் என்று விதி போட்டது. ஒரே கடைக்கு ஆள் அனுப்பிய பல தரகர்களில் ஒருவருக்குத்தான் இடம். பிறகு, க்ளிக் செய்தால் திறக்கும் பக்கத்தின் தரத்தையும் பார்க்கத் தொடங்கினார்கள். வெறும் இணைப்புகளை அடுக்கி வைத்திருந்தவர்களுக்குக் குறைந்தபட்ச விலையே பல மடங்கு ஏறியது.

இது செலவுப் பக்கம். வரவுப் பக்கத்துக்கு அடி விழுந்தது 2020 ஏப்ரலில், ஊரடங்கின் நடுவில். அமெரிக்காவில் அமேசான் வீட்டுச் சாமான்களுக்கு 8 சதவீதமாக இருந்த கமிஷனை 3 ஆக்கியது. மளிகைக்கு 5 இருந்தது 1 ஆனது. மேலே போட்ட கணக்கில் 4 டாலர் கமிஷனை 8 சதவீதம் என்று வைத்தால், அது ஒன்றரை டாலராகிறது. இரண்டு பேருக்கு 3. பழைய 5 சென்ட் விலைக்கே க்ளிக் கிடைத்தாலும் நட்டம் 2 டாலர்!

இதை அவனிடம் சொன்னேன். "க்ளிக் விலை ஏலக்காரர் கையில், கமிஷன் கடைக்காரர் கையில். உன் கையில் என்னடா இருக்கு?" என்று கேட்டேன். பதில் இல்லை. கணக்கு நோட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். தினமும் எத்தனை க்ளிக் என்று முத்து முத்தாக எழுதியிருக்கிறான். ஒரு க்ளிக் என்ன விலை, எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதற்குக் கட்டமே இல்லை.

விளம்பரத்தை நிறுத்தியாயிற்று. அந்த இரண்டு கட்டங்களையும் பழைய தேதியிலிருந்து நிரப்பிக்கொண்டிருக்கிறோம், தினமும் இரவு எட்டு மணிக்குப் போனில். நகைக்கு வட்டி கட்டும் தேதி அடுத்த மாதம் 12.