புகையும் இரத்தக் குழாயும்

குழாய்களில் திரவம் ஓடும் விதத்தைக் கூறும் பாய்சொய் விதியை இயற்பியல் மாணவர்கள் அறிவர். அவ்விதியைக் கண்டவர் ஒரு மருத்துவர் என்பதைப் பலர் அறியார். உடலின் நுண்குழாய்களில் இரத்தம் எவ்வாறு ஓடுகிறது என்று அறிய விரும்பிய பிரெஞ்சு மருத்துவர் பாய்சொய், 1840-ஆம் ஆண்டையொட்டி மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரைச் செலுத்தி அளந்தார். அழுத்தமும் நீளமும் மாறாதிருந்தால், ஓட்டம் ஆரத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று கண்டார். ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை. 16-இல் ஒரு பங்காகிவிடுகிறது! இரத்தக் குழாய் சிறிது சுருங்கினாலும் விளைவு பெரிது.

புகைபிடிப்போரை மாரடைப்பு மிகுதியாகத் தாக்குகிறது என்பதை நீண்டகாலக் கணக்கெடுப்புகள் உறுதிப்படுத்தின. 1948-இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் நகரில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு தொடங்கியது. 1951-இல் பிரிட்டனில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் இருவரும் மருத்துவர்களின் புகைப் பழக்கத்தையே கேட்டறிந்து, அவர்களுடைய ஆயுளைக் கணக்கிடலாயினர். இரண்டு ஆய்வுகளும் ஒன்றையே கூறின. ஆனால் புகை செல்வதோ நுரையீரலுக்கு. இதயத்தின் குழாய்கள் கெடுவது எவ்வாறு?

விடையின் ஒரு பகுதி எளியது. நிக்கோட்டின் குழாய்களைச் சுருக்குகிறது. இதயத் துடிப்பை விரைவுபடுத்துகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது.

மறுபகுதிக்கு வழி காட்டியது 1980-இல் வெளியான ஓர் ஆய்வு. நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் பெருந்தமனித் துண்டுகளில் அசிட்டைல்கோலின் என்னும் பொருளைச் செலுத்திப் பார்த்தார். சில துண்டுகள் சுருங்கின, சில தளர்ந்தன. காரணத்தைத் தேடியபோது, குழாயின் உட்புறத்தை மூடியுள்ள ஒற்றை அடுக்குச் செல்படலம் உரசி உதிர்ந்துபோன துண்டுகளே தளரவில்லை என்று புலனாயிற்று. வெறும் உறை என எண்ணப்பட்ட படலம், தளருமாறு தசைக்குச் செய்தி அனுப்புகிறது! அச்செய்தியைச் சுமப்பது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு என்பது 1987-க்குள் தெளிவாயிற்று. 1998-இல் ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவரும் நோபெல் பரிசு பெற்றனர்.

புகையிலுள்ள வினைமிகு மூலக்கூறுகள் இந்த வாயுவை அழித்து, படலத்தையும் புண்படுத்துகின்றன. அதனால் விரிய வேண்டிய நேரத்தில் குழாய் விரிவதில்லை. சுவரில் கொழுப்பு படிகிறது. இரத்தம் எளிதில் உறைகிறது. பீடிப் புகையும் இதற்கு விலக்கன்று.

1993-இல் லண்டனில் செலர்மேயர் குழுவினர் ஓர் எளிய சோதனையின் முடிவை வெளியிட்டனர். கையில் பட்டை கட்டிச் சில நிமிடங்கள் இரத்த ஓட்டத்தை நிறுத்தி, பிறகு விடுவித்து, தமனி எவ்வளவு விரிகிறது என்று மீயொலி கொண்டு அளந்தனர். எந்த நோய்க்குறியும் இல்லாத புகைபிடிப்போரிடம், விரிவு மற்றவர்களிடம் கண்டதில் பாதிகூட இல்லை. புகைத்த அளவு கூடக்கூட விரிவு குறைந்தது. பழக்கத்தை விட்டவர்களிடமோ நிலைமை மேம்பட்டிருந்தது.

துருப்பிடித்த இரும்புக் குழாய் தானே சீராகாது. உயிருள்ள படலமோ தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முயல்கிறது. கடைசிச் சிகரெட்டுக்குப்பின் ஓரிரு நாட்களில் கார்பன் மோனாக்சைடு இரத்தத்தைவிட்டு நீங்குகிறது. ஏறத்தாழ ஓராண்டில், புகையால் கூடியிருந்த மாரடைப்பு அபாயம் பாதியாகக் குறைகிறது.

பிரிட்டிஷ் மருத்துவர்களின் 50 ஆண்டுக் கணக்கு 2004-இல் வெளிவந்தது. விடாமல் புகைத்தோர் மற்றவர்களைவிடச் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னரே இறந்தனர். 60 வயதில் நிறுத்தியோர் 3 ஆண்டுகளையும், 50-இல் நிறுத்தியோர் 6 ஆண்டுகளையும், 40-இல் நிறுத்தியோர் 9 ஆண்டுகளையும் மீட்டனர். 30 வயதில் நிறுத்தியோர் இழப்பு முழுவதையுமே ஏறக்குறைய தவிர்த்தனர்.

மாணவர்கள் இப்பழக்கத்தைத் தொடங்காதிருப்பதே நன்று. வீட்டில் புகைபிடிக்கும் பெரியவர் எவரேனும் "இனி விட்டு என்ன பயன்?" என்று கேட்டால், இந்தக் கணக்கை அவருக்கு எடுத்துக் கூறுங்கள்.