கொழுந்துப் பெண்ணின் கோலமும் கூலியும்

பெண்ணின் கோலத்தைப் போற்றும் உலகு அவள் உழைப்பையும் அவ்வாறே மதித்ததா என்னும் வினாவிற்கு ஊவாத் தோட்டங்கள் விடை பகர்கின்றன. 1890இல் பதுளை மாவட்டத்து அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் உருவத்தைத் தம் தேயிலை விளம்பரங்களில் இடம்பெறச் செய்தார். மேனாட்டார் கண்டவை வண்ணச் சேலையும் அணிகலனுமே.

மலையிலோ, பனி நனைக்காமலும் செடிக்கொம்பு சேலையைக் கிழிக்காமலும் இடுப்பிற் படங்கு கட்டி, கூடைக்கயிற்றைத் தலையில் தாங்கி அவள் கொழுந்தெடுத்தாள். 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மலைநாட்டில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் குறைந்தபட்ச நாட்கூலியாக விதிக்கப்பட்டன. 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னரே நாட்கூலி சமமாயிற்று.

அவள் கோலத்தை விலையாக்கிய வாணிகம், அவள் உழைப்பிற்கு அரை நூற்றாண்டுக்கு மேலாகக் குறைந்த விலையே தந்தது.