துளசி ஏன் 'கிடைப்பதில்லை'? தாய்லாந்து வாணலியும் மாற்றுப்பொருள்களின் வரலாறும்

மேலைநாட்டு வாசகர்களுக்காக எழுதப்படும் தாய்லாந்துச் சமையல் நூல்களில் 'கப்ராவ்' என்ற இலையின் பெயருக்கு அருகில், கிடைப்பது அரிது, கிடைக்காவிடில் வேறொன்றைச் சேர்க்கலாம் என்னும் பொருள்பட ஒரு குறிப்பு பெரும்பாலும் இருக்கும். கொத்திய இறைச்சி, பூண்டு, மிளகாய் ஆகியவற்றைப் பெருந்தீயில் கிளறி, இறக்கும் தறுவாயில் இந்த இலையைச் சேர்ப்பதே 'பத் கப்ராவ்' எனப்படும் உணவு. 'பத்' என்பது கிளறி வதக்குதலைக் குறிக்கும் சொல். இலையின் தாவரவியற் பெயர் ஓசிமம் டெனுயிஃப்ளோரம். தமிழில் அது துளசி.

இந்தியாவில் துளசி அரிய பொருள் அன்று. வீட்டு மாடத்தில் வளர்கிறது, பெருமாள் கோயில் வாசலில் மாலையாகத் தொடுத்து விற்கப்படுகிறது, சளிக்குக் கஷாயமாகிறது. ஆயினும் அன்றாடக் குழம்பிலோ பொரியலிலோ அது சேர்வதில்லை. ஒரு பொருள் கிடைக்கவில்லை என்னும்போது அது மண்ணில் விளையவில்லை என்று மட்டும் பொருளாகாது என்பது இதனால் விளங்கும். விளைந்தும், உணவு என்ற வகைக்குள் அது சேராமல் இருக்கலாம். ஆகவே மாற்றுப்பொருள் பற்றிய சமையலறைச் சிக்கலுக்குள் ஒரு வரலாற்றுக் கேள்வி இருக்கிறது: எது மூலம், எது மாற்று என்பதை யார், எப்போது தீர்மானித்தனர்?

தாய்லாந்தின் வதக்கல் உணவுகளைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு விடை தேடப் பழைய சமையல் நூல்களைவிடப் பெயர்ச்சொற்களே பெரிதும் உதவுகின்றன.

1687ஆம் ஆண்டு பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் தூதராக அயூத்தியாவுக்கு வந்த சிமோன் தெ லா லூபேர், 1691இல் வெளியான தம் நூலில் சயாம் மக்களின் உணவைப் பற்றியும் எழுதினார். அவர் காட்டும் சித்திரத்தில் சோறும் மீனுமே முதன்மை பெறுகின்றன. உலர்த்தியும் உப்பிட்டும் புளிக்கவைத்தும் உண்ணப்பட்ட மீன் வகைகள் இடம்பெறுகின்றன. இன்று உலகம் தாய்லாந்து உணவின் அடையாளமாகக் கொள்ளும் வாணலி வதக்கல், சீனக் குடியேற்றத்தோடு வளர்ந்த சமையல் முறை. 1767இல் பர்மியப் படையெடுப்பால் அயூத்தியா அழிந்தபின், தொன்புரியைத் தலைநகராக்கி 1782 வரை ஆண்ட மன்னர் தாக்சினின் தந்தை, தென்சீனத்துத் தியோச்சியு மொழி பேசும் மரபினர். 1782இல் ஆற்றின் மறுகரையில் பாங்காக் தலைநகரானபோது, அரண்மனைக்காகத் தெரிவு செய்யப்பட்ட இடத்தில் வாழ்ந்த சீனர்கள் சாம்பெங் பகுதிக்கு இடம்பெயர்க்கப்பட்டனர். இன்றைய பாங்காக்கின் சீனநகர் அவ்வாறு உருவானதே.

இவ்வரலாற்றைச் சமையலறைச் சொற்கள் இன்றும் சுமந்து நிற்கின்றன. அரிசி நூடுல்ஸ் 'குவாய்-தியாவ்', சோயாச் சாறு 'சீ-இவ்', சோயாக் கட்டி 'தாவ்ஹூ', பூண்டு மணம் வீசும் தட்டைத்தாள் 'குய்-சாய்', உப்பிட்ட முள்ளங்கி 'சாய்-ப்போ' ஆகிய அனைத்தும் தென்சீனக் கிளைமொழிகளிலிருந்து வந்த கடன்சொற்கள். இந்த ஐந்து பொருள்களுள் சோயாச் சாறு நீங்கலாகப் பிற நான்கும் ஒருங்கே சேரும் உணவின் பெயர் 'பத் தாய்'. பொருள்கள் சீனப் பெயரோடு நிற்க, உணவின் பெயரில் மட்டும் 'தாய்' என்னும் தேசப்பெயர் ஒட்டியிருப்பது தற்செயல் அன்று.

சயாம் என்ற நாட்டுப்பெயர் 1939இல் தாய்லாந்து என மாற்றப்பட்டது. அப்போதைய தலைமை அமைச்சர் பிபூன் சொங்க்ராம், 1939 முதல் 1942 வரை உடை, பழக்கவழக்கம், மொழி ஆகியவை குறித்துப் பன்னிரண்டு பண்பாட்டு ஆணைகளை வெளியிட்டார். போர்க்கால நெருக்கடியும் 1942இன் பெருவெள்ளமும் வாழ்க்கையை நிலைகுலையச் செய்தபோது, நூடுல்ஸ் உண்ணவும் விற்கவும் அவரது அரசு மக்களை ஊக்குவித்தது. பத் தாய் நாடெங்கும் பரவியதை இக்கொள்கையோடு இணைத்துப் பார்ப்பது ஆய்வாளர் வழக்கம். அவ்வுணவின் தோற்றம் பற்றிய விவாதம் தனி. புளி, பனைவெல்லம், மீன்சாறு, உலர்ந்த இறால் என்ற உள்ளூர்ச் சுவைகள் சீன நூடுல்ஸோடு இணைந்த அந்தக் கலவையே நாளடைவில் தேசிய உணவாயிற்று.

அதே 1942ஆம் ஆண்டு, அதே அரசு எழுத்துச் சீர்திருத்தம் ஒன்றையும் கொண்டுவந்தது. 44 மெய்யெழுத்துகளில் 13 நீக்கப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை சமஸ்கிருத, பாலிச் சொற்களை எழுதப் பயன்பட்டவை. 1944இல் பிபூன் பதவியிழந்ததும் நீக்கப்பட்ட எழுத்துகள் திரும்பி வந்தன. நூடுல்ஸோ விலகவில்லை. ஆணையால் எழுத்தை நிலையாக மாற்ற இயலாத அரசு, உணவில் வெற்றி கண்டதற்குக் காரணம் உண்டு. பத் தாயின் சீனப் பகுதி தெருவோர வண்டிகளில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. அரசு பெயரை முன்னிறுத்தியது, பெயரை மக்கள் ஏற்றனர்.

சீனப் பொருள்களைப் போலவே, அமெரிக்கக் கண்டத்துப் பொருள்களும் சொற்களில் தடம் பதித்துள்ளன. போர்த்துக்கீசியர் 1510இல் கோவாவையும் 1511இல் மலாக்காவையும் கைப்பற்றினர். 1511இலேயே அவர்களின் தூதர் அயூத்தியாவை அடைந்தார். அமெரிக்கக் கண்டத்து மிளகாய், அவர்களின் கடல்வழித் தொடர்புகளின் காலத்தில் இந்தியாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் வந்தது. அதற்கு முன் இரு நிலங்களிலும் உறைப்பைத் தந்த முதன்மைப் பொருள்களுள் ஒன்று மிளகு. புதிய காய் வந்தபோது இரு மொழிகளும் அதற்குப் பழைய உறைப்பின் பெயரையே அளித்தன. ஆனால் எதிரெதிரான வழிகளில். தமிழ், மிளகு என்ற சொல்லைப் பழைய பொருளுக்கே வைத்துக்கொண்டு, புதியதற்கு 'மிளகாய்' என்ற கூட்டுச்சொல்லை உருவாக்கியது. தாய்லாந்து மொழியில் 'பிரிக்' என்ற சொல்லைப் புதியவரவான மிளகாய் எடுத்துக்கொள்ள, பழைய மிளகு 'பிரிக் தாய்', அதாவது 'தாய்லாந்து மிளகு', என்ற அடைமொழியோடு நிற்க நேர்ந்தது. மாற்றாக வந்த பொருள் மூலத்தின் பெயரைப் பெற்றது; மூலம் அடைமொழியின்றி அறியப்படாத நிலைக்குச் சென்றது.

இனிப்பும் புளிப்பும் கலந்த வதக்கலில் சேரும் தக்காளிக்கு அங்கு 'மக்குவா தேத்' என்று பெயர். 'மக்குவா' கத்தரி, 'தேத்' என்பது 'தேசம்' என்னும் இந்தியச் சொல். நாடு என்ற பொருளுடைய அச்சொல், உணவுப் பெயர்களில் அயல்நாடு என்ற பொருளை ஏற்றது. தமிழில் 'சீமை' என்ற சொல்லும் இதே பாதையில் சென்றது. எல்லை, நாட்டுப்பகுதி என்ற பொருளிலிருந்து அயல்நாடு என்ற பொருளுக்கு நகர்ந்து, மெக்சிகோவைப் பூர்விகமாகக் கொண்ட சௌசௌவைச் 'சீமைக் கத்தரிக்காய்' ஆக்கியது. 'அயல்நாட்டுக் கத்தரி' என்ற ஒரே சொல்லமைப்பு அங்கே தக்காளியையும் இங்கே சௌசௌவையும் சுட்டுகிறது. மசாலாப் பொருள்களுக்குத் தாய்லாந்து மொழியில் வழங்கும் பொதுப்பெயரும் 'அயல்நாட்டுப் பொருள்' என்றே பொருள்படும்.

இனி இந்தியச் சமையலறைக்குத் திரும்பலாம். தில்லியின் ஐ.என்.ஏ. சந்தை போன்ற சில இடங்களில் அயல்நாட்டுச் சரக்குகள் கிடைக்கும். பிற ஊர்களில் அவற்றைத் தேடுவோர் பட்டியலைப் பார்த்ததும் கைவிட்டுவிடுவதுண்டு. பட்டியலை வேறு கண்ணோடு படித்தால் நிலைமை மாறும். பூண்டு, மிளகு, கொத்தமல்லி வேர் ஆகிய மூன்றையும் இடித்த விழுது தாய்லாந்துச் சமையலின் பழைய அடித்தளம். வேர் நீக்கிய கட்டுகளே விற்கும் மேலைநாட்டுக் கடைகளில் இவ்வேர் கிடைப்பதில்லை. இந்தியக் காய்கறிச் சந்தையிலோ வேரோடு வரும் மல்லிக்கட்டிலிருந்து அது நறுக்கி எறியப்படுகிறது. 'கா' என்னும் கிழங்கு பேரரத்தை. உலர்ந்த வடிவில் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கிறது. உலர்ந்தது சாற்றுக்கு உதவுமேயன்றி, பச்சைக் கிழங்கின் நறுமணத்தை விரைந்த வதக்கலில் தராது. 'மக்ரூத்' எலுமிச்சை இலைக்கு நாரத்தையின் இளந்தளிர் நெருங்கிய உறவு. நாரத்தை, எலுமிச்சைத் தளிர்களை இடித்துச் செய்யும் வேப்பிலைக்கட்டி, தமிழ்ச் சமையலில் அவ்விலைகளுக்கு ஏற்கெனவே இடமுண்டு என்பதைக் காட்டுகிறது.

சர்க்கரையின் நிலை இன்னும் தெளிவானது. தாய்லாந்து மொழியில் சர்க்கரைக்குப் பொதுச்சொல் 'நம்-தான்'. அதன் நேர்ப்பொருள் 'பனைநீர்'. வெள்ளைச் சர்க்கரையும் அம்மொழியில் பனைநீரே. பத் தாய்க்குக் கருப்பட்டி சேர்ப்பவர் மாற்றுப்பொருளைச் சேர்ப்பதாக எண்ணலாம். அச்சொல்லின் பழம்பொருளுக்கு அவரே நெருக்கமானவர். கருப்பட்டியின் நிறமும் கரிந்த மணமும் சற்று மிகுதி என்பதால் அளவைக் குறைத்தல் நன்று.

மீன்சாறே மெய்யான சிக்கல், குறிப்பாக மரக்கறி உண்பவர்க்கு. உப்பு மட்டும் அதற்கு ஈடாகாது. புளிப்பித்தலால் மீனின் புரதம் சிதைந்து உருவாகும் ஆழ்ந்த சுவையே அதன் பணி. இதற்கான மாற்றும் தாய்லாந்துக்குள்ளேயே உண்டு. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில், சிறப்பாகப் புக்கெட்டில், கொண்டாடப்படும் மரக்கறி விழாவின் 'ஜே' உணவில் மீன்சாற்றின் இடத்தைச் சோயாச் சாறு ஏற்கிறது. அதில் பூண்டும் வெங்காயமும்கூட விலக்கப்படும். மீன் உண்பவர்களுக்கு, மணிப்பூரின் 'ஙாரி' போன்ற வடகிழக்கின் புளித்த மீன் வகைகள் இதே சுவைக் குடும்பத்தை நினைவூட்டும்; அவை சாறாக இல்லாததால் சிறிதளவே கரைத்துச் சேர்க்க வேண்டும்.

இவ்வளவு கலப்பிலிருந்து உருவான உணவுக்குத் தரநிர்ணயம் செய்ய அரசு மீண்டும் முயன்றது. 2002இல் தாய்லாந்து அரசு, உலகெங்கும் தன் உணவகங்களைப் பெருக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அயல்நாட்டு உணவகங்களுக்குச் சான்றிதழும் வழங்கிவருகிறது. 2014இல், ஓர் உணவு மூலச்சுவையோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதை அளக்கும் கருவி ஒன்று பாங்காக்கில் அறிமுகமானது. ஆனால் பாங்காக்கின் தெருக்களிலேயே பத் கப்ராவில் காராமணிக்காய் சேர்க்கலாமா, வெங்காயம் சேர்க்கலாமா என்ற சண்டை ஓய்ந்தபாடில்லை. எதைக் கேட்பது என்று தோன்றாதபோது கேட்கும் உணவு என்று அவர்களே கேலி செய்யும் ஒன்றைப் பற்றித்தான் இவ்வளவு கடுமையான வழக்கு.

அப்படியானால் எதை வேண்டுமானாலும் எதற்கும் பதிலாகச் சேர்க்கலாமா? மாற்றுப்பொருள் பற்றி இந்திய மரபில் விரிவாகச் சிந்தித்தவர்கள் மீமாம்சகர்கள். வேள்விக்குரிய சோமம் கிடைக்காவிடில் பூதீகம் என்ற செடியைக் கொள்ளலாம் என்ற விதியை முன்வைத்து, 'பிரதிநிதி' என்ற கருத்தை ஜைமினியின் சூத்திரம் ஆறாம் அத்தியாயத்தில் ஆராய்கிறது. திரவியத்துக்குப் பதிலி உண்டு. அதுவும் மூலத்தை ஒத்ததாக இருத்தல் வேண்டும். தெய்வம், மந்திரம், செய்கை ஆகியவற்றுக்குப் பதிலி இல்லை என்பது அவர்களின் முடிவு. வேள்விக்கு வகுத்த அப்பகுப்பு வாணலிக்கும் வியக்கத்தக்க அளவில் பொருந்துகிறது. கருப்பட்டியும் நாரத்தையும் சோயாச் சாறும் திரவியங்கள். நன்கு காய்ந்த இரும்பு வாணலி, ஒருமுறைக்கு ஒருவர் அல்லது இருவர்க்கான சிறிய அளவு, நீர் விட்டுக்கொள்ளுமுன் முடிந்துவிடும் விரைவு ஆகியன செய்கை. எல்லாப் பொருளையும் இறக்குமதி செய்து, நான்கு பேருக்கான அளவை ஒரே வாணலியில் கொட்டினால் வதக்கல் வேகவைத்த கூட்டாகிவிடும்.

இறுதியாக மீண்டும் துளசி. ஆங்கில நூல்கள் அந்த இலையைப் 'புனிதத் துளசி' என்று குறிக்கின்றன. அப்புனிதம் இந்தியாவிலிருந்து அப்பெயரில் ஏறியது. 'கப்ராவ்' என்ற சொல்லில் அது இல்லை. அங்கு அது இறைச்சியின் வாடையை அடக்கும் காரமான கீரை. இங்குள்ள மாடத்துத் துளசி அதே இனத்தைச் சேர்ந்ததாயினும் நெடுங்காலம் வேறு நோக்கத்துக்காக வளர்க்கப்பட்டது. மணமும் ஓரளவு வேறுபடும். இளந்தளிர்களை மட்டும் கிள்ளி, அடுப்பை அணைத்தபின் சேர்த்தால் கசப்புத் தட்டாது. இறைச்சியோடு துளசியைச் சேர்க்க மனம் ஒப்பாதவர் திருநீற்றுப்பச்சிலையை நாடலாம். சப்ஜா விதை தரும் அச்செடியின் இனத்தைச் சேர்ந்த இலையைத் தாய்லாந்தில் 'ஹோரபா' என்பர். அதைச் சேர்த்த வதக்கலுக்கு அங்கே தனிப்பெயரும் உண்டு. அவ்வாறு செய்பவர் குறைபட்ட பத் கப்ராவைச் சமைக்கவில்லை. பெயருள்ள வேறோர் உணவைச் சமைக்கிறார்.

துளசியைப் பறிக்கத் தயங்கும் கைக்கும் தயங்காத கைக்கும் பின்னால் வெவ்வேறு வரலாறுகள் உள்ளன. இரண்டில் ஒன்றை அறியாமை என்றும் மற்றதை அசல் என்றும் தீர்ப்பிடுவதற்கு முன், மிளகின் பெயரை மிளகாய் எடுத்துக்கொண்ட கதையை நினைவில் கொள்வது தகும்.