விற்றதோடு முடிவதில்லை: இணைய வியாபாரத்தில் வாடிக்கையாளரை விசாரிப்பதும் அமானிதமே

நம் வீடுகளில் இன்று வியாபாரம் கைப்பேசி வழியாக நடக்கிறது. அபாயா, ஹிஜாப், தொழுகை விரிப்பு, அத்தர், பேரீச்சை, கீழக்கரைத் தொதல் என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாகிராமிலும் படம் போட்டு விற்கும் சகோதரிகள் ஏராளம். படம் எடுப்பது, விலை சொல்வது, ஆர்டர் எடுப்பது, பார்சல் கட்டுவது எல்லாவற்றையும் கற்றுக்கொண்டோம். பார்சல் போய்ச் சேர்ந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் தடுமாறுகிறோம். சிலர் அடியோடு மறந்துவிடுகிறோம். சிலர் தினமும் விளம்பரம் அனுப்பி வாடிக்கையாளரைச் சலிப்படைய வைக்கிறோம்.

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். பெருநாளுக்காக ஒரு பெண் 56 அங்குல அபாயா கேட்டுப் பணம் அனுப்புகிறார். வந்ததோ 54 அங்குலம். விற்றவரும் தெரிந்த குடும்பத்துப் பெண்தான். 'சொன்னால் மனம் வருந்துவாரே' என்று வாங்கியவர் பேசாமல் இருந்துவிடுகிறார். அபாயா அலமாரியில் மடித்தபடி கிடக்கிறது. விற்றவரோ, புகார் எதுவும் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ் என்று நிம்மதியாக இருக்கிறார். சில வாரங்கள் கழித்து ஒரு வலீமா விருந்தில், "அவங்ககிட்ட வாங்காதீங்க, அளவு சரியா வராது" என்று பேச்சு கிளம்புகிறது. வாங்கியவருக்குப் பணம் நஷ்டம், விற்றவருக்குப் பெயர் நஷ்டம், கூடவே புறம் பேசிய பாவம். "அளவு சரியாக இருக்கிறதா?" என்று அன்றே ஒரு வரி கேட்டிருந்தால் மூன்றையும் தவிர்த்திருக்கலாம்.

விற்ற பின் விசாரிப்பது அடுத்த ஆர்டரைப் பிடிக்கும் தந்திரம் என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் அது வாங்கியவருக்கு மார்க்கம் தந்திருக்கும் உரிமையை அவர் கூச்சமின்றிக் கேட்பதற்கு நாம் திறந்துவிடும் கதவு. இந்த நிய்யத் சரியாக இருந்தால் மற்றவை தானாகச் சரியாகும்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறைகளைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் அழிக்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு நபியவர்கள் வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சியும் நமக்குத் தெரியும். இணையத்தில் வாங்குபவரால் குவியலுக்குள் கைவிட்டுப் பார்க்க முடியாது. நாம் காட்டும் படமே அவருக்குக் கண். ஆகவே நம் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

வாங்கிய பொருளில், விற்கும்போதே இருந்து தனக்குத் தெரியாமல் போன குறை வெளிப்பட்டால் அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஃபிக்ஹு நூல்கள் இதை 'கியாருல் ஐப்' என்கின்றன. பார்க்காமல் வாங்கிய பொருளைப் பார்த்த பின் ஏற்கவோ மறுக்கவோ செய்யும் உரிமையை ஹனஃபி மத்ஹபு தனியாகவே அளிக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் பார்க்காத பொருளை விற்பதற்கான நிபந்தனைகள் இன்னும் கடுமையானவை. தமிழ் முஸ்லிம்களில் இரண்டு மத்ஹபினரும் இருப்பதால், தங்கள் வியாபார முறையை ஒருமுறை ஆலிம்களிடம் சொல்லித் தெளிவு பெற்றுக்கொள்வது நல்லது.

பொருளில் குறை எதுவும் இல்லை, வாங்கியவர் மனம் மாறிவிட்டார் என்றால்? திரும்பப் பெற்றாக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் வருந்துபவரின் வியாபாரத்தை விட்டுக்கொடுத்துத் திரும்பப் பெறுபவரின் பிழைகளை அல்லாஹ் மன்னிப்பான் என்ற நற்செய்தி அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் உள்ளது. இதற்கு 'இகாலா' என்று பெயர். வாங்கிய அதே விலையைத் திருப்பித் தருவதே இதன் அடிப்படை. கூரியர் செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சில செயல்களை நேர்மையற்ற வணிக முறை என்று வரையறுக்கிறது. அவற்றில் மூன்று நமக்கு நேரடியாகப் பொருந்தும். ஒன்று, பில் கொடுக்காமல் விற்பது. இரண்டு, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்க மறுப்பது. பில்லில் கால அளவு குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்று சட்டம் கொள்கிறது. மூன்று, வாடிக்கையாளர் நம்பித் தந்த சொந்த விவரங்களைப் பிறருக்குக் கொடுப்பது.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று ஸ்டேட்டஸில் போட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். "பார்சல் பிரிக்கும் வீடியோ இல்லாவிட்டால் எதுவும் கேட்கக் கூடாது" என்பதும் அப்படியே. வீடியோ நல்ல ஆதாரம்தான், கேட்கலாம். ஆனால் தவறு நம்முடையது என்று நமக்கே தெரிந்திருந்தால், வீடியோ இல்லை என்பதற்காக அல்லாஹ்விடம் நாம் தப்பிவிட முடியாது.

எப்போது, எப்படி விசாரிப்பது?

முதல் செய்தி, பார்சல் அனுப்பிய அன்று. "அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் பார்சல் இன்று ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பியாயிற்று. டிராக்கிங் எண் இது. இன்ஷா அல்லாஹ் மூன்று நான்கு நாளில் வரும்." இதோடு ரசீது ஒட்டிய பார்சலின் படத்தையும் அனுப்பினால் வாங்கியவரின் பதற்றம் குறையும். தாமதமானால் அவர் கேட்பதற்கு முன்பே நாம் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் செய்தி, பார்சல் கிடைத்த மறுநாள். "பார்சல் நல்லபடியாக வந்ததா? நீளம், நிறம், தையல் எல்லாம் நீங்கள் கேட்டபடி இருக்கிறதா? ஏதாவது குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், சரிசெய்து தருகிறோம்." 'எப்படி இருக்கு?' என்று பொதுவாகக் கேட்டால் 'நல்லா இருக்கு' என்றுதான் பதில் வரும். நீளம், நிறம், தையல் என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் உண்மை வெளிவரும். உணவுப் பொருளாக இருந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் கிடைத்த அன்றே கேட்டுவிட வேண்டும். கெட்டுப்போன பொருளைப் பிள்ளைகள் சாப்பிட்டுவிடக் கூடாது.

மூன்றாம் செய்தி, ஒரு வாரம் பத்து நாள் கழித்து. "துவைத்த பிறகு சாயம் போகாமல் இருக்கிறதா? உங்கள் கருத்தைச் சொன்னால் அடுத்த முறை இன்னும் நன்றாகச் செய்வோம்." விமர்சனம் கேட்பதாக இருந்தால் இப்போதுதான் கேட்க வேண்டும். பிரித்துக்கூடப் பார்க்காதவரிடம் ஐந்து நட்சத்திரம் கேட்பது முறையல்ல.

அதோடு நிறுத்திக்கொள்வோம். பிறர் வீட்டுக்குப் போனால் மூன்று முறை அனுமதி கேட்டு, பதில் இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும் என்பது நபிவழி. திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிடுங்கள், அதுவே உங்களுக்குத் தூய்மையானது என்ற கருத்தை அந்நூர் அத்தியாயத்தின் 28ஆம் வசனத்தில் காண்கிறோம். கைப்பேசிக்கு இது நேரடிச் சட்டம் என்று சொல்லவில்லை. ஆனால் கைப்பேசியும் இன்று ஒருவர் வீட்டின் உள்ளறை போலத்தான். தொழுகை நேரத்திலும் இரவு வெகுநேரம் கழித்தும் செய்தி அனுப்பாமல் இருப்பதும் இந்த ஒழுக்கத்தில் சேரும்.

குறை சொன்னால் என்ன செய்வது?

முதலில் வாதாடாமல் கேளுங்கள். "மற்ற யாரும் இப்படிச் சொல்லவில்லையே" என்ற ஒரு வாக்கியம் போதும், அந்த வாடிக்கையாளர் இனி வாய் திறக்க மாட்டார். ஆடை என்றால் தரையில் விரித்து, அளவு நாடா வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அணிந்திருக்கும் படத்தை ஒருபோதும் கேட்க வேண்டாம். உங்கள் வியாபாரக் கைப்பேசியைக் கணவரோ மகனோ பார்ப்பார்கள் என்றால் அதையும் முன்பே சொல்லிவிடுவது நேர்மை.

தவறு நம்முடையது என்றால் மாற்றித் தருவது, பணத்தைத் திருப்புவது, இருவரும் மனமொத்து விலையைக் குறைப்பது என்று வழிகளை அவர் முன் வைத்து, தேர்வை அவரிடமே விடுங்கள். நம் தவறுக்கான கூரியர் செலவும் நம்முடையதே. உடனே முடிவு சொல்ல முடியாவிட்டால், என்று சொல்வோம் என்பதையாவது சொல்ல வேண்டும். இணைய வணிக நிறுவனங்களின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டு விதிகள். வீட்டில் இருந்து விற்கும் நமக்கு இரண்டு நாள் என்பது தாராளமான அவகாசம்.

பணத்தைத் திருப்பும்போது அது எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கே அனுப்புங்கள். "தவறுதலாகக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்று யாராவது ஸ்கிரீன்ஷாட் காட்டினால், உங்கள் வங்கிக் கணக்கைப் பார்த்து உறுதி செய்யாமல் அனுப்ப வேண்டாம். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை. கேட்டால் அது மோசடி.

விமர்சனமும் அந்தரங்கமும்

நல்ல விமர்சனம் எழுதினால் பரிசு என்று அறிவிப்பது, உறவினரை வாங்கியவர் போல எழுதச் சொல்வது இரண்டுமே பிறரை ஏமாற்றுவதில் முடியும். விற்பவர் தாமே நுகர்வோர் போல விமர்சனம் எழுதுவதை 2020 விதிகளும் தடுக்கின்றன. "உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்" என்று கேட்பதே போதும்.

வாடிக்கையாளர் பாராட்டி அனுப்பிய செய்தியை ஸ்டேட்டஸில் போடுமுன் அவரிடம் அனுமதி வாங்குங்கள். அனுமதித்தாலும் பெயர், எண், முகப்புப் படத்தை மறைத்துவிடுங்கள். கேட்காமல் வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பதும் தவறு. குழுவில் உள்ள அறிமுகமில்லாதவர்கள் எல்லாருக்கும் ஒரு பெண்ணின் எண் போய்விடுகிறது. புதிய சரக்கு பற்றிச் சொல்ல விரும்பினால், "செய்தி அனுப்பலாமா?" என்று கேட்டு, சம்மதித்தவர்களை மட்டும் பிராட்காஸ்ட் பட்டியலில் சேருங்கள். அதில் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். வேண்டாம் என்றவரை அன்றே நீக்கிவிடுங்கள்.

பாக்கி வைத்திருப்பவரை விசாரிப்பது வேறு. நலம் கேட்கும் செய்தியோடு பாக்கியைக் கலந்தால், அந்த நலமும் பாக்கிக்காகத்தான் என்று தோன்றிவிடும். தனியாக, நளினமாகக் கேளுங்கள். சிரமத்தில் இருப்பவருக்கு வசதி வரும்வரை அவகாசம் தரச் சொல்கிறது அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

இதற்கெல்லாம் பெரிய மென்பொருள் வேண்டாம். ஒரு நோட்டில் தேதி, பெயர், பொருள், அளவு, அனுப்பிய நாள், விசாரித்த நாள், சொன்ன குறை, செய்த தீர்வு என்று எட்டுக் கட்டங்கள் போடுங்கள். மாதக் கடைசியில் குறைக் கட்டத்தை மட்டும் வரிசையாகப் படியுங்கள். மூன்று பேர் ஒரே தையலைக் குறை சொல்லியிருந்தால் தையல்காரரிடம் பேச வேண்டும். நிறம் வேறாக இருந்தது என்று பலர் சொன்னால், விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படத்தை மாற்றிப் பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். வாங்கியவர்கள் மனம் திறந்து சொன்னதே நமக்குக் கிடைக்கும் இலவசப் பாடம்.

விற்கும்போதும் வாங்கும்போதும் தன் உரிமையைக் கேட்கும்போதும் பெருந்தன்மையாக நடப்பவருக்கு அல்லாஹ்வின் அருளை வேண்டினார்கள் நபி (ஸல்) அவர்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிப்பது புகாரியில் உள்ளது. அந்த துஆவில் நமக்கும் ஒரு பங்கு கிடைக்க வேண்டாமா? இன்றே கைப்பேசியை எடுத்து, கடந்த மாதம் நம்மிடம் வாங்கியவர்களில் நாம் விசாரிக்காமல் விட்ட ஒருவருக்கு ஸலாம் சொல்லிக் கேட்போம்: "வாங்கிய பொருள் நீங்கள் கேட்டபடி இருந்ததா?"

அல்லாஹ் நம் சம்பாத்தியத்தை ஹலாலாகவும் பரக்கத் நிறைந்ததாகவும் ஆக்குவானாக. ஆமீன்.