குழந்தை வளர்ப்பு எழுத்தில் தந்தை: மதுரை வட்டாரம்

மதுரையிலும் சுற்றுப்புறச் சமவெளி ஊர்களிலும் புழங்கும் குழந்தை வளர்ப்பு எழுத்து பெரும்பாலும் தாயிடமே பேசுகிறது. தந்தை அதில் செலவைப் பார்த்துக்கொள்பவராகவோ கண்டிப்பவராகவோ வந்து போகிறார்.

பழைய இலக்கியம் இவ்வளவு ஒதுக்கவில்லை. பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய புறநானூற்றின் 188ஆம் பாட்டு, நெய்ச் சோற்றைக் கையால் அளைந்து மேலெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளையை அருகிலிருந்து பார்த்த ஆணின் பாட்டு. வள்ளுவரும் தந்தையின் கடமையைத் தனிக் குறளில் வைத்தார். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் இயற்றிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் குழந்தைமையைப் பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடுகிறது. பாடியவர் ஆண், குரல் மட்டும் தாயுடையது.

நாட்டுப்புறத் தாலாட்டில் தந்தையைவிடத் தாய்மாமனுக்கே இடம் அதிகம். சீர் கொண்டுவருபவரும் காதுகுத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்பவரும் அவரே. இதன் வேர் வாழ்முறையில் இருக்கிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பெண், பிள்ளையோடு திரும்பச் சில மாதமாகும். எண்ணெய்க் குளியல், உரைமருந்து, சாம்பிராணி எல்லாம் பாட்டியின் கைவேலை. தந்தை அங்கே விருந்தாளி. அவள் விகடன், மங்கையர் மலர், குங்குமம் தோழி முதலிய இதழ்களும் குழந்தை வளர்ப்பைப் பெண்கள் பக்கத்திலேயே வைத்தன. ஆண்கள் புரட்டாத இதழில் அப்பாவுக்கு எதற்கு அறிவுரை என்பது நியாயமான கணக்காகத் தோன்றும். அவர் புரட்டாததற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம்.

பழி சொல்லும் இடத்திலும் தந்தை விடுபட்டார். 1980களின் நடுவில் உசிலம்பட்டிப் பகுதியின் பெண்சிசுக் கொலை நாடறிந்த செய்தியானபோது, தாய், மாமியார், மருத்துவச்சி மீதே அதிகம் பார்வை விழுந்தது. பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’ (1994) பெண் குழந்தையைக் கொல்லச் சொல்லும் தகப்பனைக் கதையின் நடுவில் நிறுத்தியது. குடும்ப நலப் படத்துக்கான தேசிய விருதும் பெற்றது.

அரசு ஏடுகளும் தந்தையை ஓரமாகவே வைத்திருக்கின்றன. பிரசவத் துணை பற்றிய நடுவணரசின் 2016 வழிகாட்டுதல், முன்பு பிள்ளை பெற்ற பெண்ணையே துணையாகக் கருதுகிறது. தனிமறைவுக்கு வசதியுள்ள பிரசவ அறைகளில் மட்டும் கணவரை அனுமதிக்கிறது. விடுப்பு விதியும் இப்படித்தான். நடுவணரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள் விடுப்பு உண்டு. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் தாய்க்கு 26 வாரம் தந்தது. தந்தைக்கு அதில் ஒரு நாள்கூட இல்லை.