ஐந்தாவது சக்கரமும் முன்பாரமும்

மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றிப் பழகியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கிப் பூட்டாங்கயிறு இறுக்கும். வண்டியை மாடு இழுக்குமா என்பது ஒரு கேள்வி. கழுத்து தாங்குமா என்பது வேறு கேள்வி.

அமெரிக்காவில் பணி ஓய்வு பெற்ற பலர் ‘ஃபிஃப்த் வீல்’ என்னும் பெரிய வீட்டு வண்டியைப் பிக்கப் லாரியில் பூட்டி ஊர் ஊராகப் போகிறார்கள். அவர்களுக்கும் இதே இரண்டு கேள்விகள்தான்.

பெயர் குதிரை வண்டிக் காலத்தது. நான்கு சக்கர வண்டியின் முன் அச்சு இடம் வலமாகத் திரும்ப, அதன்மேல் படுக்கை வாட்டில் ஒரு வட்டத் தகடு வைத்தார்கள். அதுவே ஐந்தாவது சக்கரம்.

1914இல் டெட்ராய்ட் நகர மர வியாபாரி சிப்லி, தன் படகை ஏரிக்குக் கொண்டுபோக வழி கேட்டார். ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லர், ஃபோர்டு மாடல் டி காருக்குப் பின்னால் பூட்டும் இழுவை வண்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். அது பிடித்துப்போகவே, மரம் ஏற்றவும் சிப்லி வண்டிகள் செய்யச் சொன்னார். அதற்கு ஃப்ரூஹாஃப் வைத்த பெயர்தான் ‘செமி டிரெய்லர்’. பாதி பாரம் தன் சக்கரத்தில், மீதி முன்வண்டியின் முதுகில். 1920களின் இறுதியில் விமானம் கட்டிய கிளென் கர்டிஸ், இதே முறையில் ‘ஏரோகார்’ என்ற பயண வண்டியைக் கொண்டுவந்தார்.

பாரம் பெருகியதும் சட்டம் வந்தது. 1956இல் அமெரிக்க மத்திய அரசு, தேசிய நெடுஞ்சாலைகளில் ஓடும் லாரிக்கு மொத்த எடை 73,280 பவுண்டு, சுமார் 33 டன், என்று வரம்பு வைத்தது. 1970களின் நடுவில் அது 80,000 பவுண்டு ஆனது. கூடவே, அச்சுகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் கணக்கிட்டுப் பாலத்தைக் காக்கும் சூத்திரமும் வந்தது. மொத்த எடை மட்டுமல்ல, அது எங்கே இறங்குகிறது என்பதும் முக்கியம் என்று சட்டமே ஒப்புக்கொண்டது.

வீட்டு வண்டிக்காரர்கள் தவறுவது இங்கேதான். ஒரு கணக்குப் போடுவோம். வண்டி 14,000 பவுண்டு. அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 2,800 பவுண்டு, லாரியின் முதுகில் இறங்கும். லாரி 16,000 இழுக்கும் என்று விளம்பரம் சொல்லலாம். ஆனால் ஓட்டுநர் கதவோரச் சீட்டில் ஏற்றக்கூடிய சுமை 3,000 என்று இருந்தால்? இணைப்புத் தகடு 200, கணவன் மனைவி 300. சேர்த்தால் 3,300. இழுக்கும் வரம்புக்குள் இருந்தும் தாங்கும் வரம்பு தாண்டிவிட்டது. பின் டயர் சூடேறி வெடிக்கலாம். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போகலாம். கூடுதலாக ஸ்பிரிங் போட்டால் லாரி நிமிர்ந்து நிற்கும். வரம்பு ஒரு பவுண்டும் உயராது.

பிள்ளைகளைப் பார்க்க அங்கே போய், இப்படி ஒரு வண்டி வாங்கலாமா என்று பேச்சு வந்தால், விற்பவர் சொல்லும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். தண்ணீர், சாமான், ஆட்கள் எல்லாம் ஏற்றியபின் நெடுஞ்சாலையோர எடைமேடையில் ஒவ்வொரு அச்சையும் நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில டாலர் செலவுதான். இணைப்பு விட்டுப்போனால் பின்வண்டியின் பிரேக்கைத் தானே பிடிக்க வைக்கும் கம்பி மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வண்டிக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் குடும்பம் உண்டு.