வண்டி ஒருவர் கையில், ஆர்.சி. இன்னொருவர் பேரில்

நம் மலையில் பழைய கார் வாங்காத குடும்பம் குறைவு. பைக்காராவிலிருந்து கூடலூர் வரை எந்த வீட்டுக் கொட்டகையை எட்டிப் பார்த்தாலும் அங்கே நிற்பது பெரும்பாலும் இரண்டாவது கை, மூன்றாவது கை வண்டிதான். ஒரு காலத்தில் ஜீப், அப்புறம் அம்பாசடர், ஃபியட், பிறகு மாருதி 800. வாங்கும் முறையும் பெரிதாக மாறவில்லை. கூடலூரிலிருந்து நடுவட்டம் ஏற்றத்தில் ஏற்றிப் பார்ப்போம். சூடாகாமல் ஏறிவிட்டால் டீக்கடையில் வைத்து அட்வான்ஸ் கொடுப்போம். அன்று சாயங்காலம் வண்டி நம் வாசலில் நிற்கும்.

ஆனால் கார் விஷயத்தில் மாற வேண்டியவை இரண்டு. ஒன்று வண்டி, இன்னொன்று பேர். வண்டி அன்றைக்கே மாறிவிடுகிறது. பேரோ ஊட்டி ஆர்.டி.ஓ. ஆபீசில் வேறொரு நாள் மாறுகிறது, சில சமயம் மாறாமலே போய்விடுகிறது. பழைய கார் சம்பந்தமான வழக்குகளில் பெரும்பகுதி இந்த இடைவெளியில் பிறந்தவை. விற்றவர் "நான்தான் விற்றுவிட்டேனே" என்பார், வாங்கியவர் "என் பேரில் இல்லையே" என்பார். இந்த இடைவெளிக்குச் சுமார் நூறு வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இந்தியா முழுமைக்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914இல் வந்தது. 1930 ஜூலை 1 முதல் சரக்கு விற்பனைச் சட்டம் அமலுக்கு வந்தது. அரிசி மூட்டைக்கும் தையல் மெஷினுக்கும் என்ன விதியோ காருக்கும் அதே விதி என்றது அந்தச் சட்டம். இருவரும் பேசி முடித்து, விலை ஒப்புக்கொண்டு, பொருளைக் கொடுத்துவிட்டால் சொத்து கை மாறிவிட்டது. நிலம், வீடு மாதிரி பத்திரப்பதிவு தேவையில்லை.

அடுத்து 1939இன் மோட்டார் வாகனச் சட்டம். அதன் 31ஆம் பிரிவு, வண்டி கை மாறினால் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. ஆக, ஒரே வண்டிக்கு இரண்டு சட்டம், இரண்டு கடிகாரம். ஒன்றில் விற்பனை இன்றே முடிந்தது, மற்றதில் இன்னும் முடியவில்லை. 1980இல் பன்னா லால் – சந்த் மால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. பதிவேட்டில் பேர் மாறாததால் விற்பனை செல்லாது என்று ஆகிவிடாது, தெரிவிக்க வேண்டிய கடமை விற்பனைக்குப் பிறகு வருவது. சட்டப்படி அது சரியான தீர்ப்புதான். ஆனால் "பேர் மாறாவிட்டால் என்ன, வண்டி நம்முடையதுதானே" என்று நம் ஜனங்கள் வசதியாக எடுத்துக்கொள்ளவும் அது இடம் கொடுத்தது.

அந்த அலட்சியம் வளர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், அந்நாளில் புதுக் கார் என்றால் அம்பாசடர், ஃபியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு, அவ்வளவுதான். பணம் கட்டி வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1959இல் மத்திய அரசு மோட்டார் கார் விநியோகக் கட்டுப்பாட்டு ஆணை ஒன்று போட்டது. வரிசைப்படி கார் வாங்கியவர் அதைக் குறிப்பிட்ட காலத்துக்குள் அனுமதியில்லாமல் விற்கக்கூடாது என்றது. கள்ள மார்க்கெட்டைத் தடுக்கத்தான் போட்டார்கள். ஆனால் புதுக் காருக்குப் பட்டியல் விலைக்கு மேல் பணம் கொடுக்க ஆள் தயாராக இருந்தபோது என்ன நடக்கும்? வண்டி ஓசையில்லாமல் கை மாறும், பேர் பழையவர் பேரிலேயே இருக்கும். ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்து, அத்துடன் தேதி போடாத, வாங்குபவர் பேர் எழுதாத ஒரு ஃபாரம். கட்டுப்பாடு போன பிறகும் அந்தத் தேதி போடாத ஃபாரம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

1988ஆம் வருஷச் சட்டம் 1989 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்தது. (1939 சட்டமும் ஒரு ஜூலை முதல் தேதிதான். நம் நாட்டு வண்டிச் சட்டங்களுக்கும் அந்தத் தேதிக்கும் ஏதோ ராசி.) நமக்கு டி.என். என்று தொடங்கும் நம்பர் பிளேட்டு வந்ததும் அந்தச் சமயத்தில்தான். இதன் 50ஆம் பிரிவு விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் கெடு வைத்தது. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். விற்றவருக்கு ஃபாரம் 29, மாற்றத்துக்கு விண்ணப்பம் ஃபாரம் 30. இந்த இரண்டு நம்பரும் நம் ஊர் புரோக்கர்களுக்குக் குலதெய்வம் பேர் மாதிரி மனப்பாடம். ஆனால் எத்தனை பேர் கெடுவுக்குள் போனார்கள்?

எங்கள் காம்ப்பில் இருந்த ஒருவர் தன் ஃபியட்டை விற்றார். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, எல்லா ஃபாரத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, "பேரை மாத்திக்குங்க தம்பி" என்று சொல்லி அனுப்பினார். அந்தத் தம்பி மாற்றவில்லை. வேறொருவருக்கு விற்றார். நாலைந்து வருஷம் கழித்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து இவருக்குச் சம்மன். வண்டி ஏதோ சமவெளி ஊரில் ஒருவரை இடித்திருக்கிறது. இன்சூரன்ஸ் காலாவதி. இவர் ரிட்டயர் ஆகிப் பணத்தைப் பாங்கில் போட்டிருந்த நேரம். வண்டி எந்த ஊரில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. இரண்டு வருஷம் பஸ் ஏறி இறங்கினார், கடைசியில் ஒரு பங்கு அவர் கையிலிருந்துதான் போனது. "கையெழுத்துப் போட்டேன், தேதி போடலையே" என்று அவர் சொல்லிச் சொல்லி மாய்ந்ததைப் பார்த்தவன் நான்.

அவருடையது தனிப்பட்ட துரதிர்ஷ்டம் என்று நினைத்துவிடாதீர்கள். 2011இல் புஷ்பா – சகுந்தலா வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது ஒரு லாரி. 1993இல் விற்றாயிற்று, 1994இல் விபத்து, பதிவேட்டில் பழையவர் பேர். மூன்றாம் நபரைப் பொறுத்தவரை பதிவேட்டில் பேர் உள்ளவர்தான் உரிமையாளர் என்றது கோர்ட்டு.

அதைவிடத் தெளிவானது 2018 பிப்ரவரியில் தீர்ப்பான நவீன் குமார் – விஜய் குமார் வழக்கு. விஜய் குமார் 2007இல் தன் காரை விற்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு, அவர் இன்னொருவருக்கு என்று கார் போய்க்கொண்டே இருந்தது. 2009இல் அந்த வண்டி பின்னால் எடுக்கும்போது மோதி ஒரு உயிர் போனது. பதிவேட்டில் அப்போதும் விஜய் குமார் பேர்தான். உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றது. அதற்குச் சொன்ன காரணம் யோசிக்க வேண்டியது. அடிபட்டவரின் குடும்பம் வண்டி யார் யார் கைக்குப் போனது என்று தேடி அலைய முடியாது. சட்டத்தின் 2(30) பிரிவு "உரிமையாளர்" என்பது யார் பேரில் பதிவாகியிருக்கிறதோ அவர்தான் என்கிறது. மகனைப் பறிகொடுத்தவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது.

சரி, இதெல்லாம் விற்றவர் பாடு, வாங்கியவருக்கு என்ன என்று கேட்கலாம். அவருக்கும் இருக்கிறது. வண்டி மாறினால் இன்சூரன்சும் தானாக மாறிவிடும் என்பது பாதி உண்மை. 157ஆம் பிரிவின்படி மூன்றாம் நபர் காப்பு புதியவருக்குத் தொடரும். ஆனால் நம் சொந்த வண்டி நொறுங்கினால் கிடைக்க வேண்டிய பணம் அப்படித் தொடராது. கம்பெனிக்கு எழுதி, பாலிசியை நம் பேருக்கு மாற்றியிருக்க வேண்டும். கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் என்ற நிறுவனத்தின் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. அந்த வழக்கில் ஆர்.சி.யில் பேர் மாறியிருந்தது, பாலிசியில் மாறவில்லை. பணம் கிடைக்கவில்லை. இதற்கும் கெடு 14 நாள்தான்.

அடுத்தது, விற்பவருக்கே அந்த வண்டி சொந்தமா என்ற கேள்வி. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது என்பது 27ஆம் பிரிவு. இந்த விதி இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே 1923இல் ரோலண்டு – டிவால் என்று ஒரு வழக்கு. 334 பவுனுக்குக் கார் வாங்கியவரிடமிருந்து, அது திருட்டு வண்டி என்று சொல்லிப் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டது. நாலு மாதம் கார் பயன்பட்டிருந்தும் முழுப் பணத்தையும் திருப்பித் தரச் சொன்னது கோர்ட்டு. நல்ல தீர்ப்புதான். ஆனால் விற்றவர் கிடைத்தால்தானே பணம்! திருட்டு வண்டி என்று தெரிந்தால் வாங்கியவர் வண்டியையும் விட்டு, போலீஸ் விசாரணைக்கும் போய் நிற்க வேண்டும்.

அதே இங்கிலாந்தில் இன்னொரு வேடிக்கை. ஒரு மாணவர் தன் மினி காரை விற்க விளம்பரம் கொடுத்தார். வந்தவர், டெலிவிஷனில் ராபின் ஹுட்டாக நடித்த நடிகர் நான்தான் என்று சொல்லி, ஸ்டூடியோ பாஸையும் காட்டி, 450 பவுனுக்குச் செக் கொடுத்தார். செக் திரும்பியது. அதற்குள் அந்த ஆள் காரை வேறொரு மாணவருக்கு 200 பவுனுக்கு விற்றுவிட்டார். லூயிஸ் – அவெரே என்ற அந்த வழக்கில், ஒன்றும் அறியாமல் வாங்கியவருக்கே கார் என்று தீர்ப்பானது. ஏமாந்து விற்றவருக்கு ஒன்றுமில்லை. நம் சட்டத்தின் 29ஆம் பிரிவும் இதே வழிதான். ஆகவே விற்பவர்கள் செக்கை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுக்கக் கூடாது. பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் சாவி.

கடன் உள்ள வண்டி இன்னொரு கண்ணி. நம் நாட்டில் வாடகைக் கொள்முதல் சட்டம் என்று 1972இல் ஒன்று நிறைவேற்றினார்கள். அது அமலுக்கே வராமல் 2005இல் ரத்தானது. ஆக, ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனி பேர் இருக்கிறதா என்று நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். "லோன் முடிஞ்சாச்சு சார்" என்ற வாய்ப்பேச்சு போதாது. கம்பெனியின் தடையில்லாச் சான்றும், கையெழுத்தான ஃபாரம் 35ம் கையில் வர வேண்டும்.

தனி ஆளிடம் வாங்கும்போது இன்னொன்று. வியாபாரியிடம் வாங்கினால் பொருளின் தரத்துக்குச் சட்டம் ஓரளவு துணை நிற்கும். பக்கத்து எஸ்டேட்காரரிடம் வாங்கினால் அந்தத் துணை இல்லை. 1872இன் ஒப்பந்தச் சட்டம், பொய் சொல்லி விற்றால் மோசடி என்கிறது. ஆனால் வெறும் மௌனம் பொதுவாக மோசடி ஆகாது. "ஆக்சிடென்ட் ஆன வண்டியா?" என்று நீங்கள் கேட்காமல், அவரும் சொல்லாமல் இருந்தால் பின்னால் பேச முடியாது. அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள், பதிலை எழுதி வாங்குங்கள்.

நம் ஊருக்கே உரிய தொல்லை எல்லை. ஒரு பக்கம் கேரளா, ஒரு பக்கம் கர்நாடகா. வெளிமாநில வண்டி மலிவாகத் தெரியும். அங்கிருந்து ஃபாரம் 28 என்ற தடையில்லாச் சான்று வர வேண்டும், இங்கே வரி கட்ட வேண்டும், புது நம்பர் வாங்க வேண்டும். இந்தக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் மலிவு ஓடிவிடும். அதேபோல் வீட்டுக்காரர் காலமான பிறகு அந்த அம்மா வண்டியை விற்கிறார் என்றால், முதலில் வாரிசு பேருக்கு மாற வேண்டும். அதற்கு ஃபாரம் 31. இறந்தவர் கையெழுத்தை யாராவது போட்டுக் கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள்.

விபத்து ஒரு பக்கம் இருக்கட்டும். 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முதல் நாள் விடியற்காலை, கோவை கோட்டை ஈஸ்வரன் கோயில் முன் வெடித்தது ஒரு பழைய மாருதி கார். பல கை மாறிய வண்டி. போலீசார் ஒவ்வொருவராகப் பழைய உரிமையாளர்களைத் தேடிப் போனார்கள். 2025 நவம்பரில் டில்லி செங்கோட்டை அருகே வெடித்த காரும் கை மாறி வந்ததுதான். அங்கேயும் முதலில் விசாரணைக்குப் போனவர் பதிவேட்டில் பேர் இருந்தவர். என்றோ வண்டி விற்ற மனிதர் வீட்டுக் கதவைப் போலீஸ் தட்டினால் அந்தக் குடும்பம் எப்படி இருந்திருக்கும்?

2023 ஏப்ரல் முதல், அங்கீகாரம் பெற்ற பழைய கார் வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்தால் பொறுப்பு அவருக்குப் போகும்படி புது விதி வந்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் நீங்களும் நானும் நேராக விற்றுக்கொண்டால் பழையபடி 29, 30தான்.

ஆகவே விற்பவர் வாங்குபவருடன் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கூடவே போய்விட வேண்டும். தேதி, நேரம் போட்ட டெலிவரி சீட்டு ஒன்று, வாங்கியவரின் அடையாளச் சான்று நகல், ஃபாரத்தின் ஒப்புகை, இந்த மூன்றும் வீட்டில் இருக்கட்டும். வாங்குபவர் சேசிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பார்த்து, அபராதப் பாக்கி, வரி, இன்சூரன்ஸ், 15 வருஷ கெடு எல்லாவற்றையும் அரசின் பரிவாகன் தளத்தில் சரிபார்க்கட்டும். பேரனோ பேத்தியோ அஞ்சு நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

அப்படி அவர்கள் போனை எடுக்கும்போது இன்னொரு நம்பரையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து, பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நீங்கள் விற்றீர்களே, அந்தப் பழைய வண்டியின் நம்பர். இன்னும் உங்கள் பேரில் இருந்தால், நாளைக்கே ஊட்டிக்குப் பஸ் ஏறிவிடுங்கள்.